ஒரே ஒரு பொத்தான்

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் அவள்.

திரையில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். 'அழகாக்கு.'

எட்டு மாதம் மாடாய் உழைத்துச் செய்த பாட்டுப்பதிவுச் செயலியில் மிஞ்சியது அதுதான். சுருதி, கமகம், எதிரொலி என்று வேண்டியவர் திறந்து மாற்றிக்கொள்ள உள்ளே ஒரு பக்கம் வைத்திருந்தாள். ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று மேலாளர் நந்தகோபன் அதை மறைத்துவிட்டார். இன்றைய சோதனையில் பாடகர் தலையாட்டிவிட்டால், அந்தப் பக்கம் அடியோடு போய்விடும்.

எளிமையாம் எளிமை!

அவள் ஒன்றும் எளிமைக்கு எதிரி இல்லை. முப்பது பொத்தான்களை மூன்றாகக் குறைத்ததே அவள்தான். மூன்றை ஒன்றாக்கச் சொன்னபோதுதான் கோபம் வந்தது.

"எங்க சித்தப்பாவுக்கும் புரியணும்" என்பார் நந்தகோபன், ஒவ்வொரு கூட்டத்திலும். உங்கள் சித்தப்பா பாடுவாரா என்று ஒருமுறை கேட்டாள். அதுவா பாயிண்ட் என்றார்.

பாட வந்திருந்தவர் அருள்தாஸ். ஆவடிப் பக்கம் கல்யாண வரவேற்புகளில் பாடுகிறவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையை மேலும் கீழும் தடவினார்.

"கட்டை எங்க வெக்கணும் மேடம்? நம்மளுது ரெண்டரைக் கட்டை."

தன் சுருதியைக் கேட்கிறார். பாடுகிற எவரும் முதலில் கேட்பது. அதற்குக்கூட இடமில்லை.

அவள் நந்தகோபனைப் பார்த்தாள்.

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும். நீங்க பாடுங்க" என்றார் அவர்.

அருள்தாஸ் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் குரலை அசைத்து, இழைத்து, மெல்ல இறக்கினார். ஒரு நிமிடம் அவளுக்குக் கோபமே மறந்துபோனது.

பாடி முடித்துப் பொத்தானை அழுத்தினார்.

அத்தனை அசைவையும் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டது அந்தப் பாழாய்ப்போன பொத்தான். ஒலிபெருக்கியில் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு குரல் வந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

அருள்தாஸ் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு மேடம்."

நந்தகோபன் அதைச் சோதனைப் படிவத்தில் அப்படியே எழுதினார். கீழே கையெழுத்தும் போடப் போனார்.

"பாடுனது யாரு?" என்று கேட்டார் அருள்தாஸ்.

அவள் நந்தகோபனிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, படிவத்தில் அந்தக் கேள்வியையும் எழுதினாள்.

அருள்தாஸ் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.