கட்டத்துக்குள் இருந்தவர்கள்

பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

மேல் வரியில் இருந்த ‘ழு’வின் வால், கீழ் வரியில் இருந்த ‘கி’யின் கொக்கியில் இடித்தது.

அந்த நாளிதழின் பக்கங்களை வடிவமைப்பவள் அவள். மாலைப் பதிப்பின் முதல் பக்கத்தில் அவளுக்குக் கொடுத்திருந்தது கால் பக்கக் கட்டம். அதற்குள் ஓர் அட்டவணை: பெயர், வயது, வேலை. மலையைக் குடைந்து பாதை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் முந்தின நாள் வெள்ளம் புகுந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

மலைக்குப் போகிற சாலையைப் போலீஸ் மறித்திருந்தது. மீட்புக்காரர்களையும் நிருபர்களையும் தவிர யாரையும் விடவில்லை, உறவுக்காரர்களைக்கூட.

கம்பெனி அனுப்பிய விவரம் ஒரே பிழைமயம். வெல்டரை ‘வெல்லர்’ ஆக்கியிருந்தார்கள். எலக்ட்ரீஷியனின் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அதை மட்டும் யாரையும் கேட்காமல் அவளே திருத்தினாள்.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற மனிதர். இன்று குரலே எழும்பவில்லை.

“இந்தப் பக்கத்த வேற யாராவது பார்க்கட்டுமாம்மா?”

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வரிகளின் உயரத்தைக் கூட்டினால் கட்டம் வழிந்தது. குறைத்தால் எழுத்து எழுத்தை மிதித்தது. எழுத்தைச் சிறிதாக்க அவளுக்கு மனம் வரவில்லை. இங்கே ஓர் இழை, அங்கே ஓர் இழை என்று விட்டுப் பிடித்து, எப்படியோ எல்லாரையும் உள்ளே நிறுத்தினாள்.

பார்க்கவே மூச்சு முட்டியது.

மத்தியானம் தாண்டி, சுரங்க வாயிலில் நின்றிருந்த நிருபர் தொலைபேசியில் கூப்பிட்டான். தம்பி வயதுப் பையன். வார்த்தைகள் முன்னே பின்னே வந்து விழுந்தன. வெல்டரை வெளியே எடுத்துவிட்டார்களாம். உயிரோடு.

அறையில் யாரும் கைதட்டவில்லை. கேட்டதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

வெல்டரின் வரியை எடுத்தாள். மேலே தலைப்பு, கீழே விளம்பரம், இரண்டும் அசையாது. கட்டத்தின் அளவு மாறக்கூடாது. அவர் விட்டுப்போன இடத்தை மிச்சமிருந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு வரியும் மயிரிழை விலகி உட்கார்ந்தது.

வால், கொக்கியை விட்டது.

மறுபடியும் அழைப்பு. சமையல்காரர். அப்புறம் கிரேன் ஓட்டுகிறவர். லாரி டிரைவரும் அவருடைய மச்சானும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்களாம், வெளியே வந்த பிறகும் விடவில்லையாம்.

வரி போகப் போக அவள் இடைவெளியைத் திறந்துகொண்டே இருந்தாள். பெயர்களைச் சுற்றி வெள்ளை பரவியது. இத்தனை வருஷத்தில் எத்தனை அட்டவணைகள் போட்டிருப்பாள், தேர்வு முடிவு, ரயில் நேரம், விளையாட்டுப் புள்ளிகள். எல்லாவற்றிலும் இன்னும் ஒரு வரியைத் திணிக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள். ஆள் குறையக் குறைய மனசு நிறைகிற அட்டவணையை இன்றுதான் பார்க்கிறாள்.

ஒற்றுப்பிழைக்காகப் பரம்பரைப் பகை மாதிரி சண்டை பிடிக்கும் பிழைதிருத்துநர், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள் என்றான் நிருபர். உள்ளே, வளைவில், மார்பளவு தண்ணீரில் யாரோ விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராக நடந்து வந்திருக்கிறார்கள். கூப்பிட்டதற்கு, பின்னால் ஆள் இருக்கிறது, நீ போ என்றாராம்.

யார் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரே வரி மிஞ்சியது.

எலக்ட்ரீஷியன்.

கட்டத்தின் முழு உயரத்தையும் அந்த ஒரு வரிக்குக் கொடுத்தாள். அத்தனை வெள்ளைக்கு நடுவில் ஒரு பெயர், ஒரு வயது, ஒரு வேலை. அறையில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அவள் முகத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அச்சகத்திலிருந்து பக்கம் கேட்டு ஆள் வந்தார். ஆசிரியர் கையை உயர்த்தி அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

தொலைக்காட்சியின் சத்தத்தை யாரோ அணைத்திருந்தார்கள். திரையில் சுரங்க வாய் மட்டும் தெரிந்தது, கறுப்பாக, அசையாமல்.

தொலைபேசி அடித்தது. எடுக்க ஒரு கையும் நீளவில்லை. அவளே எடுத்தாள்.

நிருபர்தான். பின்னால் கூட்டத்தின் இரைச்சல், ஆம்புலன்ஸ் சத்தம், அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாத குரல்கள்.

“அக்கா, மாமா வந்துட்டாருக்கா. அவரே நடந்து வந்தாரு.”

ரிசீவரை வைத்துவிட்டு வரியை எடுக்கக் கையை நீட்டினாள். தினமும் அழுத்துகிற விசை. எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்தான் குனிந்து அந்த வரியை எடுத்தார்.