பொள்ளாச்சி வழி

அவன் பாட்டை நிறுத்தினால் எல்லோரும் எழுவார்கள்.

எழுந்தால் ஆரத்தி. ஆரத்திக்கு அவனும் எழ வேண்டும்.

கால் வரவில்லை.

இடது கால் வலது தொடையின்மேல் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது. வலது காலைப் பற்றித் தகவல் இல்லை.

பத்மாசனத்தில் ஒரு மணி நேரம் உட்காருவேன் என்று யோகா வகுப்பில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டான். மரகதவல்லி டீச்சர் நம்பிவிட்டார். இன்றைக்கு பஜனையை அவனிடம் ஒப்படைத்து, மேடையில் உட்காரவைத்து, "எல்லாரும் தம்பியப் பாருங்க" என்றும் சொல்லிவிட்டார்.

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டு நடக்கும்போது யாரும் எழக்கூடாது. அந்தக் கூடத்தில் விதி என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே பாடினான்.

கந்தா என்றான். கந்தா என்றார்கள். கடம்பா, குமரா, கதிர்வேலா. பெயர்கள் தீர்ந்தன. கால் அசையவில்லை.

ஊர்களுக்குப் போனான்.

"பழனி வாழும் முருகா."

நாற்பது பேரும் பழனி வாழும் முருகா.

அடுத்த படைவீடு வாயில் வரவில்லை. வாராவாரம் அவன் ஏறிவரும் பழனி – உக்கடம் பேருந்துதான் வந்தது.

"உடுமலை வாழும் முருகா."

யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பொள்ளாச்சி வாழும் முருகா. ஜால்ரா சூடுபிடித்தது. டீச்சர் கண்களை மூடிக்கொண்டார்.

கட்டைவிரலை அசைக்கப் பார்த்தான். வேறு யாருடைய விரலோ போலிருந்தது. இன்னும் ஐந்தாறு ஊர்தான் பாக்கி. உக்கடம் வந்துவிட்டால் நாலு பேர் மேடையேறி வந்து அவனை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

கிணத்துக்கடவில் ஒன்று நடந்தது.

அவன் விட்ட வரி நாற்பது வாயிலிருந்தும் ஒரே குரலாகத் திரும்பிவந்து நெஞ்சில் இடித்தது.

அடுத்ததைக் கொஞ்சம் இழுத்தான். அவர்களும் இழுத்தார்கள்.

ஒத்தக்கால்மண்டபத்தை ஒத்தைக் கால்கூட இல்லாமல் கடந்தான். மலுமிச்சம்பட்டியில் குரல் மேலே போனது. அந்த உயரத்தில் தனக்கொரு குரல் இருப்பது அதுவரை அவனுக்கே தெரியாது.

ஈச்சனாரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வியர்வை.

உக்கடம் வாழும் முருகா.

பேருந்து அதற்குமேல் போகாது. பாட்டு நின்றது.

குனிந்து பார்த்தான். இரண்டு கால்களும் எப்போதோ பிரிந்து, வேட்டிக்குள் சாதாரணமாகக் கிடந்தன. விரலை அசைத்தான். அசைந்தது.

கூடத்தில் முழங்கால்கள் சடசடத்தன. முன்வரிசையில், ரிட்டயர்டு தபால்காரர் ஈஸ்வரமூர்த்தி ஒரு கையைத் தரையில் ஊன்றியபடி சொன்னார்:

"முருகனே உக்கடத்துல எறங்கிட்டாருங்க தம்பி. எங்களையும் எறக்கி உட்ருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இனி எழலாம்.

கண்ணை மூடினான்.

திருச்செந்தூருக்குப் புறப்பட்டான்.