பார்ப்பவர்: ஒருவர்

"ஓராண்டுக்கும் மேலாக நோய்த்தொற்றால் அடைபட்டுக் கிடந்த நம் ஆலயத்தின் கதவுகள், வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த ஞாயிறன்று, அகிலமே வியக்கும் வண்ணம் திறக்கப்பட்டன என்பதைப் பேருவகையோடு அறிவிக்கிறேன்!" என்றார் பங்குப் பேரவைத் தலைவர்.

அகிலம் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டது.

பூசை முடியும் நேரம். பங்குச்சாமியார் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது. முழங்கால்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன.

"பூட்டிக் கிடந்தப்ப, தினமும் செல்போனை நிமித்தி வச்சு அதுக்கு முன்னாடி நேரலையில பூசை வச்சேன். நீங்கள்லாம் பேராலயத்து நேரலையைப் பார்க்கப் போயிட்டீங்க. அங்க நாலு கேமரா. தப்பில்ல. ஆனா 'பார்ப்பவர்: ஒருவர்'னு தினமும் காட்டுச்சு. அந்த ஒருத்தருக்காகத்தான் காலையில எழுந்திரிச்சேன். அது யாருங்க?"

பேரவைத் தலைவர் எழுந்தார். பாடகர் குழுத் தலைவி எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுந்து, போதாததற்குக் கையையும் தூக்கினார்.

"ஒருத்தர்னுதானே காட்டுச்சு?"

"மூணு பேரும் ஒரே போன்லதான் பார்த்தோம், சாமி" என்றார் தலைவர். மூவரும் முகம் கொடுத்துப் பேசி வருடக்கணக்காகிறது என்பது ஊருக்கே தெரியும். கோயில் சிரித்தது.

உண்மையான ஆள் இப்படியெல்லாம் எழுந்து நிற்காது, எங்கோ தூணோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என்று சாமியார் முடிவு கட்டிக்கொண்டார்.

பூசை முடித்து, கோயிலை ஒட்டிய தன் வீட்டுக்குள் வந்தார். மேசையில் காபி ஆவி பறந்தது. பிரசங்கம் பத்து நிமிடமானாலும் முக்கால் மணி நேரமானாலும் இந்த வீட்டில் காபி மட்டும் ஆறியதே கிடையாது.

மறைமாவட்ட ஆயரின் செயலாளரிடமிருந்து போன். வயதான சாமியார்களுக்கான ஓய்வு இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருந்தது. கீழ்த்தளம், வெந்நீர், மரங்களைப் பார்த்த ஜன்னல். இன்றே பதில் வேண்டுமாம்.

சாமியார் அந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் பார்த்தார்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்க ஃபாதர். இங்க ஒரு ஆத்மா என்னையே நம்பி இருக்கு. விட்டுட்டு வர முடியாது."

போனை வைத்தார். முழங்கால் விண்ணென்று தெறித்தது. மனசு மட்டும் லேசாக இருந்தது.

சமையற்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு சாமி அந்த ஆத்மா?"

"ஒரு நாள் விடாம என் பூசையை செல்போன்ல பார்த்த ஆத்மாம்மா. யாருன்னே தெரியல."

"அட, அது நான்தான் சாமி."

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களாம்மா! இத்தனை நாள் வாயே திறக்கலையே! என் பிரசங்கத்துல எதும்மா உங்க மனசைத் தொட்டுச்சு?"

"பிரசங்கமா? நீங்க கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினா நான் பாலை அடுப்புல வைக்கணும், அதுக்குப் பார்ப்பேன். சத்தமெல்லாம் வைக்கிறதில்ல சாமி."