மூடிய தட்டு

கடலுக்குப் போன இபுராகீம் நாற்பது நாளாகியும் கரை வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. கணவனை இழந்தவள் இருக்கும் இத்தாவில் மைமூனை உட்காரச் சொல்ல வந்த பெண்கள் கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்காகக் காய்ச்சி ஊற்றி, ஆறி உறைய வைத்திருந்த கடற்பாசி இனிப்புத் தட்டின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நடுவில் ஓர் ஆண் கையின் தடம். அதில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. வலைக்கயிற்றில் சிக்கி இபுராகீம் இழந்ததும் மீதிப் பாதியைத்தான். தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். தடம் வழியவில்லை, குலுங்கியது. ஊற்றும்போது வெறும் தண்ணீராகத்தானே இருந்தது? தண்ணீர் எந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொள்ளும்? இது எதையோ பிடித்துக்கொண்ட கையா, விட்டுவிட்ட கையா? ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றையும் வழித்துச் சட்டியில் போட்டு மறுபடி அடுப்பில் ஏற்றினாள். உருகித் தண்ணீரானது. தட்டில் ஊற்றி மூடினாள்.

வெகுநேரம் கழித்து நாத்தனார் ஐனுல் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள். "மதினி, உறைஞ்சிருச்சா? எல்லாரும் காத்திருக்காக."

மூடி எப்போதோ குளிர்ந்துவிட்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு மைமூன் சொன்னாள்: "இல்ல புள்ள. இன்னும் தண்ணியாத்தான் இருக்கு."