காற்றுக்கு ஏற்ற குண்டு

“நாளைக்குப் போட்டியில வீட்டுக்கு ஒருத்தர்தான் சுடலாம். நம்ம வீட்டுக்கு நான்தான்!” என்றபடி ஏர்கன்னை எடுத்தார் கணவர். மனைவியும், அவர்களோடு வசிக்கும் மாமியாரும் பயிற்சி மைதானத்துக்குக் கூடவே வந்தார்கள். அங்கே காற்று பலமாக வீசியது.

முதலில் லேசான குண்டுகள். எதுவும் இலக்கு அட்டையில் படவில்லை.

“காத்து தள்ளிடுச்சு” என்று டப்பாவை ஒதுக்கினார்.

நடுத்தரக் குண்டுகளும் தவறின.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். உங்களுக்குக் காத்து கோணலா?” என்றாள் மனைவி.

கடைசியாகக் கனமான குண்டுகளைச் சுட்டுவிட்டு, தொலைநோக்கியில் பார்த்தவர் துள்ளினார்.

“எல்லாம் நட்டநடுவுல! குண்டு கனமா இருந்தா புயலே வந்தாலும் அசையாது!”

அங்கிருந்தவர்களைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பாடம் நடத்தினார். பிறகு அட்டையை எடுக்கப் போனார்.

பக்கத்தில் நின்று இரவல் ஏர்கன்னில் சுட்டவரும் கூடவே வந்தார்.

“மாப்பிள்ளை, அது என் அட்டை. உங்களுது அந்தப் பக்கம்” என்றார் மாமியார்.

அந்தப் பக்கத்து அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

“நீங்க எந்தக் குண்டுல சுட்டீங்க, அத்தை?”

“நீங்க ஒதுக்கின லேசான குண்டுதான். காத்து அடங்கட்டும்னு காத்திருந்து சுட்டேன்.”

கணவர் தன் ஏர்கன்னை மாமியாரிடம் நீட்டினார்.

“நாளைக்கு நீங்களே சுடுங்க அத்தை. நான் ஓரமா உட்கார்ந்து காத்து வாங்கறேன்.”