பெயர் மேல் பெயர்

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தவன் மூன்றாவது பென் டிரைவைச் செருகினான்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கொண்டுவந்த முதல் லினக்ஸ், இந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லி நின்றுவிட்டது. இரண்டாவது பாதி ஏறியதும் திரை கறுத்தது.

இது மிகச் சிறியது. ஹார்ட் டிஸ்க்கில் எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓடும். பெயர் பப்பி.

திரை விழித்தது. ஸ்பீக்கரில் ஒரு நாய்க்குட்டி குரைத்தது.

"என்ன தம்பி, குரைக்குது?"

"அது அப்படித்தான்க்கா. வந்துட்டேன்னு சொல்லுது."

"சாவு போஸ்டர் அடிக்கிற கடை. நாய் ஒண்ணுதான் கொறச்சல்."

எமல்டா சிரித்தாள். கடைப் பலகையில் இருப்பதும் அவள் பெயர்தான். எமல்டா டி.டி.பி. கணவன் வைத்தது. அவர் இறந்த பிறகு இந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. நேற்று அவள் சுவிட்சைப் போட்டாள். விண்டோஸ் எழவில்லை.

"எதை வேணாலும் போடுங்க. அவிய கடைசியா அடிச்ச மேட்டர் மட்டும் அழிஞ்சிரக் கூடாது."

தேடினான்.

ஒரே ஒரு கோப்பு.

"ஒண்ணுதான் இருக்கும். புதுசா ஃபைல் திறக்கவே மாட்டாவ. முன்ன செத்தவர் பேருக்கு மேலயே அடுத்தவர் பேர அடிச்சிருவாவ. கடைசியா உப்பளத்துச் சவரிமுத்து அண்ணாச்சிக்கு அடிச்சாவ. மறுநாள் இவியளே போயிட்டாவ."

திறந்தான்.

தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் நின்றன. பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. அந்த ஃபான்ட் பப்பியில் இல்லை. அவர் தட்டிய விசைகள் மட்டும் அப்படியே தெரிந்தன.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இது இருந்தது.

MNuhd;

"ஃபான்ட் போட்டாத்தான் படிக்க முடியும்க்கா."

"எனக்கு எதுக்கு ஃபான்ட்? டைப்ரைட்டிங் படிச்சவ நான்."

அவன் நாற்காலியின் முதுகில் அவள் விரல்கள் தட்டின. திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் படித்தாள்.

விரல்கள் நின்றன.

மறுபடி முதலிலிருந்து தட்டின. அதே இடத்தில் நின்றன.

அவள் சுவரிலிருந்த நாட்காட்டியின் அருகே போனாள். இன்றைய தாளைத் தூக்கி, அடியில் இருந்ததைப் பார்த்தாள்.

"தம்பி, உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"ஆரோன்."

"அவியள முன்னமே தெரியுமா உங்களுக்கு?"

"இல்லக்கா. இந்த ஊருக்கே இன்னைக்குத்தான் வாரேன்."

தெருவில் ஒரு நாய் குரைத்தது. ஸ்பீக்கரில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள அவன் திரையைப் பார்த்தான்.

"எந்திரிங்க," என்றாள்.

எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். பெயரைத் தேர்ந்தெடுத்தாள். விசைப்பலகையைப் பார்க்காமல் அதன் மேல் அடித்தாள்.

vky;lh

அடுத்த வரியில் தேதி. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் கர்சர் துடித்தது. அதை அவள் தொடவில்லை. சேமித்தாள்.

"அண்ணாச்சி பேருல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு. திருத்திட்டேன்."

அவள் எழுந்துகொண்டாள்.

"இனி எதை வேணாலும் போடுங்க. எல்லாத்தையும் அழிச்சாலும் சரி. ஃபான்ட் மட்டும் வேணாம்."

"ஃபான்ட் இல்லாம எப்படிக்கா கடை நடத்துவீங்க?"

அவள் மறுபடி நாட்காட்டிப் பக்கம் போனாள்.

பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே அந்த ஃபான்ட் கிடந்தது. எடுத்துப் போட்டான். வேலையை அரைகுறையாக விட்டுப் போகும் பழக்கம் அவனுக்கு இல்லை.

எழுத்துகள் மாறின.

கண்ணீர் அஞ்சலி.

எமல்டா.

தோற்றம் என்பதற்கு எதிரே ஒன்றுமில்லை. மறைவு என்பதற்கு எதிரே நாளைய தேதி.

அவள் எதைத் திருத்தினாள் என்று பார்க்க, கடைசி மாற்றத்தை நீக்கினான்.

எமல்டா போய்விட்டது.

ஆரோன் என்று வந்தது.

அறையில் கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் சுற்றியது. பின்னால் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கே இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் அவள் இன்றைய தாளைக் கிழித்துவிட்டாள்.

கோப்பை மூடினான்.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று பப்பி கேட்டது.

இரண்டு பொத்தான்கள். சேமித்தால் ஆரோன், சேமிக்காவிட்டால் எமல்டா.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கத் தேவையில்லாதபடி, அம்புக்குறி ஏற்கெனவே ஒன்றின் மேல் நின்றிருந்தது.