தெரிஞ்சவங்க யாராவது?

மாட்டுப் பண்ணைக்காரர் வெண்டலின் வண்டியை எல்லைக் காவலர் கைகாட்டி நிறுத்தினார். பின்னால் கன்றுக்குட்டி ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது.

"அடையாள அட்டை?"

"வீட்லயே மறந்துட்டேன் தம்பி. கன்னுக்குட்டிய அவசரமா டாக்டர்ட்ட காட்டணும்."

"அட்டை இல்லாம விடமுடியாது. இப்பதான் மெக்சிகோலருந்து வேலி தாண்டி வந்தீங்களோ என்னவோ."

"நாலு தலைமுறையா இங்கதான் மாடு வளக்கிறோம்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. உங்களத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"மகன் இருக்கான். ஆனா வேலைன்னு வந்துட்டா அவனுக்குப் பெத்த அப்பனையே அடையாளம் தெரியாது."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வெண்டல் பக்கத்து இருக்கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தார்.

"மறந்து வச்சிட்டு வந்துட்டியாம், உங்கம்மா குடுத்துவிட்டா. நீ அவ மகன்தான்னு அட்டையக் காட்டி வாங்கிக்க."